பெட்டிக்குள் வைத்த ரீல்

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க. கட்டைவிரல் உருளை மேல உக்காரணும்," என்றான் ராய்ஸ்.

சவப்பெட்டிக்குள் குனிந்திருந்த லீலண்ட் காஸ் நிமிர்ந்து மூச்சு வாங்கினார். ஊரில் பாதிப் பேரைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, கடைசியாகப் படுக்க வைத்தவர் அவர். வேட்டைத் தொப்பியோடு போனவர்கள் உண்டு, பைபிளோடு போனவர்கள் உண்டு, கால்பந்து அணியின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனவர்களும் உண்டு. அலபாமாவில் ஏரிக்கரையில் சவ அடக்கக் கடை வைத்திருப்பவருக்குத் தூண்டில் கோல் என்ன புதிதா? ஆனால் கட்டைவிரலுக்கு இடம் சொல்கிற மகனை இன்றுதான் பார்க்கிறார்.

"சும்மா நெஞ்சு மேல சாத்தி வெச்சா போதாதா தம்பி? விறைச்ச கை. நம்ம இஷ்டத்துக்கு வளையாது."

"போதாதுங்க. வர்றவங்க எல்லாம் மீன் பிடிக்கிறவங்க. முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி விரலைத்தான் பார்ப்பாங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. கன்டர்ஸ்வில் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிற ஆண்பிள்ளையின் தராதரம் கட்டைவிரலில்தான் இருக்கிறது. பெயிட்காஸ்ட் ரீல் கோலின் மேலே உட்காரும். வீசும்போது தூண்டில் நரம்பு சுற்றிய உருளை சுழலும். அதைக் கட்டைவிரலால் தொட்டும் தொடாமலும் அடக்க வேண்டும். ஒரு கணம் அசந்தால் போதும், நரம்பு சிக்கிக் குருவிக்கூடு ஆகிவிடும். பிறகு படகில் உட்கார்ந்து சிக்கெடுப்பதற்குள் அடுத்தவன் மீனோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பான். ஸ்பின்னிங் ரீல் கோலுக்குக் கீழே தொங்கும். அதற்கு விரல் வித்தை எதுவும் வேண்டாம், யார் வீசினாலும் போகும். யார் வீசினாலும் போகும் என்பதாலேயே மீன்பிடிக் கிளப் ஆட்கள் அதைப் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுப்பார்கள். தங்கள் கையில் அதைப் பிடித்தபடி நாலு பேர் முன்னால் நிற்க மாட்டார்கள்.

ராய்ஸின் அப்பா ஹார்லன் டிட்வெல் கடைசி வருடங்களில் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்று காலையில் ராய்ஸின் அம்மா நாடீன், தக்கைப் பிடி கறுத்துப்போன அந்த ஸ்பின்னிங் கோலைத் துடைத்து அவன் கையில் கொடுத்து, "இதைக் காஸ்கிட்ட குடு, அவரோட போகட்டும்," என்றாள். ராய்ஸ் தலையாட்டினான். டிரக்கின் பின்சீட்டில் அதைக் கிடத்தி, மேலே மழைக்கோட்டை இழுத்துப் போட்டான். பிறகு கொட்டகைக்குப் போய், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பழைய பெயிட்காஸ்ட் கோலை எடுத்து, சிலந்தி வலையைத் தட்டி எண்ணெய் போட்டான். அந்தக் கோலால்தான் ஹார்லன் கிளப் கோப்பையை வாங்கினார். கிளப்பே திரண்டு வருகிற நாளில், அப்பா குழந்தைச் சாமானைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் இவன் எந்த முகத்தோடு வாசலில் நிற்பது? ராய்ஸ் இப்போது அந்தக் கிளப்பின் தலைவன்.

காஸ் எப்படியோ விரலை உட்கார வைத்துவிட்டார். ராய்ஸ் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். அப்பா இப்போதுதான் வீசப்போகிறவர் மாதிரி இருந்தார். அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

நாடீன் உள்ளே வந்தாள். கறுப்புக் கவுன், அக்காளிடம் இரவல் வாங்கிய தொப்பி. பெட்டியருகே வந்து கணவனின் காலரைச் சரிசெய்தாள். அப்புறம் கையைப் பார்த்தாள்.

"அது எங்கடா?"

"எதும்மா?"

"காலையில உன் கையில குடுத்தேனே, அது."

"அதோட கைப்பிடி ஆடுதும்மா. பார்க்க நல்லா இல்லை."

"நேத்து நான் சுத்திப் பார்த்தேன். ஆடலையே."

ராய்ஸ் டையை இறுக்கிக்கொண்டான். அவள் குனிந்து பார்த்து, "அவர் விரலை யாரு அப்படி வெச்சது?" என்று கேட்டாள்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்."

அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ராய்ஸ் வாசலுக்குப் போனான்.

கிளப் ஆட்கள் பச்சைச் சட்டையில் வந்தார்கள். கை குலுக்கினார்கள், முதுகில் தட்டினார்கள், "நல்ல மனுஷன்" என்றார்கள். பெட்டியருகே போனவர்கள் ராய்ஸ் சொன்னபடியே முதலில் விரலைப் பார்த்தார்கள். இளவட்டங்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஹார்லன் வயதுக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள். ஹோய்ட் ஸ்பார்க்மன் தொப்பியைக் கழற்றி, ரீலைப் பார்த்து, ராய்ஸைப் பார்த்து, "பெரிய ஏற்பாடு பண்ணியிருக்கே தம்பி," என்றார். ராய்ஸ் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

பக்கவாதம் வந்த பிறகு ஹார்லன் ஒரே ஒரு போட்டிக்குத்தான் வந்தார். மகனின் படகில், முன்பக்கம் நின்று வீசினார். முதல் வீச்சில் குருவிக்கூடு, இரண்டாவதிலும் அதுவே. மற்றப் படகுகள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தன. "போதும்பா, மானத்தை வாங்காதீங்க. உக்காருங்க," என்றான் ராய்ஸ். தண்ணீர்மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஹார்லன் உட்கார்ந்தார். கரை சேரும்வரை சிக்கெடுத்துக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் கிளப் பக்கமே வரவில்லை. எங்கேயோ பாலத்தடியில் பொழுதைப் போக்குகிறார் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பிரார்த்தனை தொடங்க இன்னும் நேரமிருந்தது. தொண்டை வறண்டு போய், ராய்ஸ் காபி வைத்திருந்த பின்னறைக்குப் போனான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஹோய்ட்டும் எமிட் பிக்கன்ஸும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"விரலைப் பார்த்தியா?" இது ஹோய்ட்.

"பார்த்தேன்."

"பக்கவாதத்துல செத்த விரல் அது. சுடு காபி கொட்டினாலும் அவனுக்குத் தெரியாது. அதைக் கொண்டுபோய் உருளை மேல ஒட்ட வெச்சிருக்கான் பய."

"திட்டாதே. அப்பனைப் பெருமையா அனுப்பணும்னு வெச்சிருப்பான்."

"யாருக்குடா பெருமை? புதன்கிழமையானா அணைக்குக் கீழே நாம எதை வெச்சுப் பிடிக்கிறோம்? உன் முட்டி வீங்கின கைக்கு ஸ்பின்னிங் ரீல் பார்த்து வாங்கிக் குடுத்தது யாரு?"

"ஹார்லன்தான். அவன் மட்டும் இல்லேன்னா நான் அன்னிக்கே படகை வித்துட்டு டி.வி. முன்னாடி உக்காந்திருப்பேன்."

"அதை நாம கவுரவமாவா பிடிச்சோம்? ராய்ஸ் கண்ணுல பட்டா கிளப்புல நாறடிச்சிடுவான்னு, கள்ளச்சாராயம் கடத்தற மாதிரி போர்வை போட்டு மூடிக் கொண்டுபோனோம்."

எமிட் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. "இனிமே மூட வேண்டாம்டா, வயசாச்சு நமக்குன்னு ஹார்லன் கூடச் சொன்னான். சொல்லிட்டு, அவனுதை மட்டும் மூடித்தான் எடுத்துக்கிட்டுப் போனான்."

"இப்பவும் மூடித்தான் போறான்," என்றார் ஹோய்ட்.

ராய்ஸ் கதவைத் தள்ளவில்லை. காதுமடல் இரண்டும் எரிந்தன. கூசிப்போயிற்று அவனுக்கு. அப்பா யாரிடமிருந்து மறைத்தார் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அந்தக் கிழவர்கள் வரிசையாக நின்று அவன் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதை நினைக்க நினைக்க இன்னும் கூசியது.

பெட்டியை இன்னும் மூடவில்லை. மாற்றிவிடலாம். காஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராய்ஸ் பக்கவாசல் வழியாக வெளியே ஓடினான். டிரக்கைத் திறந்து மழைக்கோட்டைத் தள்ளி, ஸ்பின்னிங் கோலை உருவி எடுத்தான். அப்பாவின் கைப்பட்டுத் தக்கை பள்ளம் விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறும்போது கோல்பி எதிரே வந்துவிட்டான். ராய்ஸின் படகுக் கூட்டாளி. தாமதமாக வந்தவன், சட்டையைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

"மச்சான், மனசு கஷ்டமாயிருக்குடா," என்று கட்டிக்கொண்டவன், விலகும்போது கோலைப் பார்த்தான். சாவு வீடு என்பதால் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான், ஆனாலும் வாயில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "இது யாருதுடா, இந்தப் பொம்பளை ரீல்?"

அப்பாவுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ராய்ஸ் வாயைத் திறந்தான்.

"அம்மாவோடது," என்றான்.

சொன்ன பிறகுதான் கோல்பியின் தோளுக்குப் பின்னால் பார்த்தான். மகனைக் கூப்பிட வந்த நாடீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் காஸ்.

"ஆமா கோல்பி, என்னோடதுதான்," என்றாள் நாடீன். "குடுடா."

கையை நீட்டினாள். ராய்ஸ் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு, நடுவழியாக, எல்லாரும் பார்க்கப் பார்க்க நடந்தாள். பேச்சு நின்றது. ரீல் அவள் கவுனில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. ராய்ஸ் பின்னாலேயே போனான். பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவன் தரையைப் பார்த்து நடந்தான்.

பெட்டியருகே காஸ் மூடியில் கை வைத்தபடி, அவள் கையிலிருந்த கோலைப் பார்த்தார். "மூடறதுக்கு முன்னாடி ஏதாவது மாத்தணுமாம்மா? ரெண்டு நிமிஷ வேலைதான்."

"மாத்திடலாம்மா," என்றான் ராய்ஸ். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "நான் சொல்றேன். எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

நாடீன் கணவனின் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம் லீலண்ட். புள்ளை ஆசைப்பட்டு வெச்சிருக்கான். அப்படியே இருக்கட்டும்."

"அம்மா..."

"நாலு பேர் பார்க்கிறாங்கடா. உக்காரு."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். மூடி இறங்கியது, காஸ் இரண்டு பக்கமும் திருகினார். பெட்டிக்குள் ஹார்லன் டிட்வெல் தன்னால் வீச முடியாத ரீலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

போதகர் எழுந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாடீன் முன்வரிசையில் கோலைக் காலிடுக்கில் நட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரீல் அவள் முழங்காலுக்கு மேலே பளபளத்தது; நுனி எல்லார் தலைக்கும் மேலே நின்றது. கடைசி வரிசைக்காரனுக்குக்கூட அது என்ன கோல் என்று தெரியும். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஹோய்ட்டோ எமிட்டோ மூக்கைச் சிந்தினார்.

போதகர், ஹார்லன் நல்ல தகப்பனாக இருந்ததைப் பற்றிப் பேசினார். அவள் கை நடுங்கியது. அந்த நடுக்கம் ஏறி ஏறி, நுனியில் பெரிதாகி, மலர்வளையத்தின் லில்லிப் பூக்களில் போய் உரசியது. ராய்ஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினான்.

நாடீன் அவனைப் பார்க்காமலே கோலை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.