ஏழாம் பக்கத்தில் ஒன்பது வரி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஜெராக்ஸ் கேட்டு அதுவே அலுவலகத்துக்கு வந்தது.

இருபத்து மூன்று வருடமாக ஒரு நாளிதழில் செய்தி எழுதுகிறேன். நான் எழுதியது மறுநாள் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்: பார்சல் கட்ட, ஜன்னல் துடைக்க, அலமாரியில் விரிக்க. அதனால் ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் ஒரு தடித்த நோட்டைத் திறந்து, நான் எழுதிய ஒன்பது வரியைப் பசை போட்டு ஒட்டி வைத்திருப்பதைக் காட்டியபோது, முதலில் எனக்கு வந்தது பெருமைதான். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பதைக் கேட்க இரண்டு நிமிடம் தாமதமானதற்கு அந்தப் பெருமையே காரணம்.

கதையின் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

வாசகசாலை காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழரைக்கே வாசலில் பைகள் வரிசையாக நிற்கும், ஆட்கள் டீ குடிக்கப்—

(விட்டுவிட்டேன். வாசகசாலைக்கு நான் போனதே பிறகுதான். பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதினால் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காது. அவள் எதற்கும் ஆதாரம் கேட்கிறவள்.)

2

பெயர் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கூடிப் படிக்கும் வாசகசாலையில் அவளைப் 'பேப்பர்' என்று கூப்பிடுகிறார்கள். நடப்பு நிகழ்வுகள், பொது அறிவு எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய தோழிக்குப் பெயர் 'கணக்கு'. பொறுப்பு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடமாக இருவருக்கும் ஓர் ஏற்பாடு. பேப்பர் தினமும் மூன்று நாளிதழ் படித்து, மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் கணக்குக்குச் சொல்வாள். பதிலுக்குக் கணக்கு இவளுக்கு வட்டி, விகிதம், வேலையும் நாளும் சொல்லிக்கொடுப்பாள். ஒருத்தி பாடத்தை இன்னொருத்தி தனியாகத் தொடுவதில்லை. நேரம் மிச்சம்.

பேப்பருக்கு வயது வரம்பின்படி இதுவே கடைசித் தேர்வு. கணக்கை வயது இன்னும் விரட்டவில்லை, வீடு விரட்டுகிறது. கல்யாணமாகி ஐந்து வருடம். "இந்த ஒரு தடவைதான், அப்புறம் புத்தகத்தை மூட்டை கட்டணும்" என்று மாமியார் சொல்லியிருக்கிறார்.

இருவரும் போட்டியிடுவது ஒரே பதவிக்கு, தேர்வானோர் பட்டியலும் ஒன்றுதான்.

3

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளி மாலை, ஒரு வாரியத்தின் தலைவரை மாற்றி உத்தரவு வந்தது. நான்தான் எழுதினேன். சனிக்கிழமை ஏழாம் பக்கம், ஒற்றைப் பத்தி, ஒன்பது வரி. (எந்த வாரியம் என்று சொல்லப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது தேர்வுக்குத் தயாராகிறவராக இருந்தால் குறிப்பெடுத்துவிடுவார்கள். இது கதை, மனப்பாடம் செய்யாதீர்கள்.)

வாசகசாலையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. தேர்வுக்கு முந்தைய ஏழு நாள் பேப்பர் படிக்கக் கூடாது. கேள்வித்தாள் எப்போதோ அச்சாகிப் பெட்டிக்குள் போயிருக்கும், புதிதாகப் படிப்பது பழையதைக் குழப்பும். எல்லோரும் கடைப்பிடித்தார்கள். பேப்பரால் முடியவில்லை.

"பழக்கம் சார். காலையில காபி இல்லாமகூட இருந்திடுவேன். எங்க அண்ணன் கிண்டல் பண்ணுவான், 'எந்த நாட்டுக்கு யாரு அதிபர்னு தெரியும், வீட்டுச் சாவி எங்கன்னு தெரியாது'ன்னு."

சனிக்கிழமை படித்தாள், வெட்டினாள், ஒட்டினாள். வாசகசாலைக்குப் போனாள். மாடிப்படியில் கணக்கு கேட்டாள்:

"ஏன்டி, பேப்பர் பாத்தியா? ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லடி. போய் நல்லாத் தூங்கு."

4

கதை இங்கே நின்றுவிட்டது. அந்த "ஒண்ணுமில்லடி"யை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் வரைவில் பேப்பர் பொறாமைக்காரி. கணக்கின் மாதிரித் தேர்வு மதிப்பெண்கள் இரண்டு மாதமாக ஏறிக்கொண்டிருந்தன, ஒரு கேள்வியாவது தன் கையில் இருக்கட்டும் என்று மறைத்தாள். எழுதி முடித்ததும் அந்தப் பாத்திரத்தை எனக்கே பிடிக்கவில்லை. வாசகருக்குச் சுலபமாகப் புரியும், அதுதான் அதிலிருந்த கோளாறு.

இரண்டாவதில் அவள் நல்லவள். கடைசி நாளில் தோழியைக் குழப்ப வேண்டாம் என்று விட்டாள். இதுவும் நடந்திருக்கலாம். ஆனால் எழுதும்போது என் பேனா இஸ்திரி போட்ட சட்டைபோல விறைப்பாகிவிட்டது.

மூன்றாவதில் காரணமே இல்லை. கேள்விக்கு அவள் வாயில் எது முதலில் வந்ததோ அது—

அவள் வந்த அன்றே அவளைக் கேட்டிருந்தேன். நோட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"விதியை மீறிப் படிச்சதைச் சொன்னா திட்டுவாளேன்னு நினைச்சேன். அது நிஜம் சார். அது மட்டும்தான் நிஜமான்னு கேட்டீங்கன்னா... தெரியல. இதுக்கு எந்த புக்குலயும் விடை இல்ல."

5

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. வாரியத்தின் தலைவர் யார்? கொடுத்திருந்த விடைகளில் பழையவர் பெயர் 'அ', புதியவர் பெயர் 'ஆ'. கேள்வியைத் தயாரித்தவர் பழையவரை மனத்தில் வைத்துத்தான் தயாரித்திருப்பார். புதியவர் பெயரைச் சும்மா ஒரு தவறான விடையாகச் சேர்த்திருக்கிறார், பாவம். இதெல்லாம் பேப்பருக்குப் புரிந்தது. ஐந்து நிமிடம் யோசித்தாளாம்.

"கேக்கறவங்களுக்கு என்ன வேணும்னு தெரியுது சார். ஆனா அன்னிக்குத் தேதிக்கு உண்மை வேற. நாலு வருஷம் உண்மையைத் தேடித்தேடிப் படிச்சிட்டு, தெரிஞ்சே தப்பை எப்படிக் கருப்படிக்கிறது?"

விடைத்தாளில் 'ஆ' வட்டத்தைக் கருப்படித்தாள். கணக்கு, தனக்குச் சொல்லித்தரப்பட்டபடி, 'அ'வை. நாளிதழைத் தொடாத அத்தனை பேரும் 'அ'வை. வெளியே வந்ததும் கணக்கு, "அந்த வாரியக் கேள்வி அல்வா மாதிரிடி" என்றாளாம். இவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

பத்து நாளில் தற்காலிக விடைப்பட்டியல் வந்தது. சரியான விடை 'அ'. கணக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறாள், பேப்பர் ஒரு கேள்வி தூரம் கீழே. விடை தவறென்றால் தேர்வாணையத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஏழு நாள் அவகாசம். இணையதள ஆதாரம் செல்லாது. செய்தித்தாள் என்றால் தேதி தெரிகிற முழுப் பக்கம் வேண்டும்.

பேப்பர் செய்திகளை மட்டும் கத்தரிக்கிறவள். தேதியைப் பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொள்வாள். நான்கு வருட நோட்டுகளில் ஆயிரக்கணக்கான செய்திகள், ஒன்றின் தலையிலும் அச்சடித்த தேதி இல்லை.

"மிச்சப் பேப்பரை அண்ணி அலமாரியில விரிச்சிருக்காங்கன்னு ஓடிப்போய்ப் பாத்திரத்தையெல்லாம் எறக்கிப் பாத்தேன் சார். ஒன்பதாம் பக்கம். ராசிபலன்."

அவள் என்னிடம் வந்தது ஏழாவது நாள் காலை பதினொரு மணிக்கு. மாலை ஐந்தே முக்காலுக்கு அவகாசம் முடிகிறது. பழைய இதழ்களைப் பாதுகாக்கும் ஃபைல் ரூம்காரர் பக்கத்தை எடுத்துத் தந்தார். நகலெடுத்து, முத்திரை போட்டு, கையில் கொடுத்தேன்.

"ஆட்சேபம் போட்டா அவ லிஸ்ட்லேருந்து போயிடுவா சார்," என்றாள்.

"தகவல் சரின்னா சரிதாம்மா," என்றேன். (செய்தியாளன் சொல்லக்கூடியதைத்தான் சொன்னேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான், அதில் எனக்கு எந்தச் செலவும் இல்லை என்பது உறைத்தது.)

பக்கத்தை உருட்டாமல் மடிக்காமல் நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

6

இதுவரை எழுதியது போன மாதம். முடிவு மட்டும் பாக்கியிருந்தது. ஆட்சேபம் தெரிவித்ததாக ஒரு முடிவும் கிழித்துப்போட்டதாக ஒரு முடிவும் வைத்திருந்தேன். மூன்றாவதாக ஒன்று: இரண்டு விடைகளுமே சரி என்று தேர்வாணையம் அறிவிக்கிறது, தோழிகள் மாடிப்படியில்— அது மிக அழகாக வந்தது. நடக்கவில்லை.

இறுதி விடைப்பட்டியலும் ரிசல்ட்டும் வந்துவிட்டன. சரியான விடை 'ஆ' என்று திருத்தியிருக்கிறார்கள். பேப்பர் தேர்வாகிவிட்டாள். கணக்கு இல்லை. ஆட்சேபம் தெரிவித்தவர்களின் பெயர்களைத் தேர்வாணையம் வெளியிடாது. லட்சக்கணக்கானோர் எழுதிய தேர்வு. 'ஆ'வைக் கருப்படித்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

7

இன்று காலை கணக்கு வந்தாள். அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண். உட்காரச் சொன்னேன்.

"சார், நான் சுத்தி வளைக்கல. அவ சனிக்கிழமை படிச்சதை என்கிட்டச் சொல்லல. ரிசல்ட் வந்தன்னிக்கு அவளே வீட்டுக்கு வந்து சொன்னா, அழுதா. சரிடி, விடுன்னுட்டேன். நிஜமாவே விட்டுட்டேன் சார். அது ஒரு செகண்ட்ல வாயில வர்றது. எனக்கும் வந்திருக்கும்."

"ம்."

"ஆட்சேபம் போடறது அப்படியில்ல. ஃபார்ம் இருக்கு, ஆதாரம் இருக்கு, உக்காந்து யோசிச்சுப் போடணும். அதை அவ போடலைன்னு சொல்றா. வேற யாரோ போட்டிருக்காங்கன்னு சொல்றா. நான் நம்புறேன்."

"அப்புறம் என்னம்மா?"

"நம்புறதுக்கு ஒரு ஆதாரம் வேணும் சார். நாலு வருஷமா அவ எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதானே." சிரிக்கப் பார்த்தாள். "அவ நோட்டு எனக்குத் தெரியும். கத்தரிச்சு வெச்சிருப்பா, தேதி இருக்காது. முழுப் பக்கம் வேணும்னா உங்க ஆபீசுக்குத்தான் வந்திருக்கணும். வந்தாளா சார்?"

ஒரு கணக்கை எப்படிப் போட்டிருக்கிறாள், பாருங்கள். ஒரு படிகூடத் தவறவில்லை.

"இருங்க, ஃபைல் ரூம்ல கேட்டுட்டு வரேன்," என்று எழுந்து வந்தேன்.

8

இப்போது ஃபைல் ரூமில் இருக்கிறேன். இதை இங்கேதான் எழுதுகிறேன்.

"என்னண்ணே, அந்தப் பொண்ணு வெளிய காத்துக்கிட்டிருக்கு, நீங்க கதை எழுதிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்கிறார் ஃபைல் ரூம்காரர்.

"இன்னொரு பொண்ணு வந்துச்சே, ஏழாம் பக்கம் கேட்டு. ஞாபகம் இருக்கா?"

"நான் எடுத்துக் குடுத்ததுதானே? நல்லா ஞாபகம் இருக்கு. ஏன், சொல்லணுமா, சொல்லக் கூடாதா? ஒரே மாதிரியா சொல்லிடுங்கண்ணே, நானும் அதையே சொல்லிடறேன்."

வந்தாள் என்பது உண்மை. அதைச் சொன்னால் வெளியே இருப்பவள் அடுத்த படியைத் தானே போட்டுவிடுவாள். அந்தப் படி தவறாக இருக்கலாம். பக்கத்தை வாங்கிப் போனவள் ஐந்தே முக்கால் வரை எங்காவது உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். வரவில்லை என்று சொன்னால் அது பொய், ஆனால் இரண்டு பேரும் நாளைக்கும் பேசிக்கொள்வார்கள். தெரியாது என்று சொன்னால், நான் இவ்வளவு நேரம் உள்ளே இருந்ததே பதிலாகிவிடும்.

என் எழுத்தில் எனக்கிருக்கும் ஒரே அதிகாரம் இதுதான்: அடுத்த வரியை நான் எழுதாதவரை அவள் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. இந்த அதிகாரத்தை இதற்குமேல் வைத்துக்கொள்வது அநியாயம். அவளுக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். வீட்டில் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஃபைல் ரூமிலிருந்து என் மேசைக்குப் பதினெட்டு அடி. கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைவிட ஒரு எழுத்துகூட உங்களுக்குக் குறைவாகத் தெரியாது.

யாராவது போய் அவளிடம் பேசுங்கள்.