இடது செருப்பின் கடல்வழி

இருந்தவர்கள்: பேண்டேஜ் கம்பெனி முதலாளி ராஜரத்தினம். பேக்கிங் பிரிவில் மூத்தவள் பரிபூரணம். தூத்துக்குடியிலிருந்து வந்த கடல் ஆய்வு அதிகாரி கண்ணுச்சாமி. நைட் ஷிப்ட் சோலைராஜ். வாசலில் எல்லாருடைய செருப்பும்.

இந்தக் கதை அந்தச் செருப்புக் குவியலில்தான் பிறந்தது. கடலைப் பார்த்துப் பிறந்தது என்றால் கௌரவமாக இருக்கும். கம்பெனி இருக்கும் இராஜபாளையத்தில் கடல் கிடையாது.

1

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், அலைகள் ஆர்ப்பரிக்கும் ஒரு

(வேண்டாம்.)

2

சோலைராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். கடலில் மிதக்கும் குப்பை எங்கே போய் ஒதுங்கும் என்று கணக்குப் போடுவது அவன் பைத்தியம். கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டி அவனுக்குக் கடல். டேபிள் ஃபேன் காற்று. பேண்டேஜ் துணி அழுக்காகக் கூடாதென்று எல்லாரும் செருப்பை வாசலில் விடுவார்கள். ஜோடிக்கு இடதை மட்டும் எடுத்து மிதக்கவிடுவான். ஜோடியில் ஒன்றாவது வாசலில் கிடந்தால் செருப்புக்காரன் தேடமாட்டான் என்பது அவன் சித்தாந்தம். தலைதூக்கி மிதக்கும் செருப்பு காற்றோடு போகும், முங்கி மிதப்பது நீரோட்டத்தோடு போகும் என்று கண்டுபிடித்தான்.

(ஈரச் செருப்போடு வீட்டுக்குப் போனவர்கள் ஏன் இவனை அடிக்கவில்லை? இந்த இடத்தில் எனக்கே இவன்மேல் சந்தேகம். பரிபூரணம் மட்டும் கேட்டாள்: "ஏலே, எஞ்செருப்பு சிலோனுக்குப் போயிட்டா நீயா போய் எடுத்தாருவ?")

3

இதையெல்லாம் அவன் கடிதமாக எழுதிப் போட்டதை நம்பி கண்ணுச்சாமி நேரில் வந்தார். ஆய்வு நிலையத்தில் ஒரு வேலை காலி. சோதனை பலித்தால் அது அவனுக்கு. பலிக்காவிட்டால் இந்த வேலையும் இல்லை என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சோலைராஜ் பதறிப்போய், கைக்குக் கிடைத்த இடது செருப்பைத் தொட்டியில் போட்டு ஃபேனைத் திருப்பினான். செருப்பு அவன் சொன்ன மூலைக்கே போனது. அங்கே மடை திறந்திருந்தது. செருப்பு வெளியே ஓடையில் விழுந்து போயே போய்விட்டது.

"ஏலே, அது யாரு செருப்பு?" என்றார் முதலாளி.

"என்னுது," என்றார் கண்ணுச்சாமி.

4

முடிவு ஒன்று: கண்ணுச்சாமி வெறுங்காலோடு பஸ் ஏறினார். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு இரண்டு: அவனைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். (அப்படி ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை.)

முடிவு மூன்று: "ஓடையில அது எங்க ஒதுங்கும், சொல்லு. அங்க கிடந்தா வேலை உனக்கு," என்றார்.

சோலைராஜ் கண்ணை மூடினான். தடித்த ரப்பர், தலைதூக்கித்தான் மிதக்கும். மேற்கேயிருந்து மேல்காற்று.

"பாலத்தைத் தாண்டி, கோரைப்புல்லுக்குள்ள சார்."

"இல்லேன்னா இங்கிட்டு வந்துராத," என்றார் முதலாளி.

கோரைக்குள் நான் இன்னும் பார்க்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் குனிந்து பாருங்கள்.

சோலைராஜ் வாசலில் இறங்கி, மிச்சமிருந்த கண்ணுச்சாமியின் வலது செருப்பையும் எடுத்துக்கொண்டான். அதையும் ஓடையில் விட்டு, அது போகிற வழியே நடப்பது திட்டம். வலது செருப்பை அவன் ஒருநாளும் மிதக்கவிட்டதில்லை. கண்ணுச்சாமி அதைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், முதலாளி அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.