நின்றபடி எடுத்த அளவு

1

இந்தக் கதை என் மனசாட்சி உறுத்தியதில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1981-இல் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மாவட்டப் பவர்லிஃப்டிங் போட்டி நடந்தது. நான் இடதுபக்க நடுவர். ஸ்குவாட்டில் ஒருவர் தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவார். அவருடைய இடுப்பு மடிப்பு, முட்டியின் மேல்மட்டத்துக்குக் கீழே போனதா என்று பார்ப்பதுதான் என் வேலை. போனால் வெள்ளைக் கொடி, போகாவிட்டால் சிவப்பு. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் வெள்ளை காட்ட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், உள்ளே வரலாம்.

2

"காவிரிக்கு மேலே சூரியன் மெல்ல..."

(வேண்டாம். எல்லாம் நடந்தது மண்டபத்துக்குள். சூரியனுக்கு அங்கே என்ன வேலை?)

மறுபடியும் தொடங்குகிறேன். தைரியராஜுக்கு முப்பத்தாறு வயது. காட்டூரில் பம்புசெட் பழுது பார்க்கிறவர். மனைவி இருதயமேரி வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைப்பவள். கணவர் பாரம் தூக்குவதை எட்டு வருஷமாக அவள் வெறுத்

(அடித்துவிட்டேன். வெறுக்கவில்லை. லட்சியம் பண்ணவில்லை, அவ்வளவுதான்.)

ஒருநாள் அவர் வெளிநாட்டுப் பத்திரிகைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தொடையையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கிற, தோளில் பட்டை வைத்த ஓர் உடுப்பு. உட்காரும்போது விறைத்து, எழும்போது ஆளை மேலே தள்ளிவிடுமாம். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. இருதயமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதென்ன பெரிய வித்தை, நானே தைக்கிறேன் என்றாள். அன்று முழுக்க தைரியராஜ் தரையில் நடக்கவில்லை.

இரட்டைக் கித்தான் துணியில் பன்னிரண்டு நாள் தைத்தாள்.*

* மாவட்ட அளவில் அப்போது யாரும் உடுப்பைச் சோதித்ததில்லை. சட்டம் பேசும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

தவறு எங்கே நடந்தது என்றால், அளவெடுத்ததில். பேண்ட்டுக்கு எடுப்பதுபோல அவரை நிற்கவைத்து எடுத்தாள். குந்தவைத்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் முன்னறையில் ஜாக்கெட்டுக்காக இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் குந்துவதற்கு அந்த மலை போன்ற மனிதருக்கு வெட்கம். கடைசித் தையல் முடிந்தது போட்டிக்கு முந்தின நாள்தான். பாரத்தோடு போட்டுப் பார்க்க நேரமில்லை.

4

உடுப்பில்லாமல் அதுவரை அவர் அதிகபட்சம் தூக்கியது நூற்று நாற்பது கிலோ. உடுப்பை நம்பி நூற்றைம்பது கேட்டார். இறங்கினார். பாதி வழியில் கித்தான் விறைத்து அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் ஒரு விரற்கடை இறங்கவில்லை. மூன்று சிவப்புக் கொடி. இரண்டாவது முறையும் அதே இடம், அதே மூன்று சிவப்பு.

மூன்றாவதும் போனால் போட்டியை விட்டே வெளியே. அதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். தன் தையலால்தான் தோற்றார் என்று இருதயமேரி நினைத்துக்கொண்டு வீடு திரும்புவதைத்தான் அவரால் தாங்க முடியாது.

(இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மணமகள் அறையைத்தான் உடை மாற்ற விட்டிருந்தார்கள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. என் நாற்காலி அதை ஒட்டி இருந்தது. முகங்கள் என் கற்பனை, பேச்சு நிஜம்.)

5

மூன்றாவது முறைக்கு முன் இருதயமேரி அந்த அறைக்குள் வந்தாள். கத்திரிக்கோல் இல்லாமல் அவள் வெளியே கிளம்புவதில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நின்னபடி அளவெடுத்துட்டேங்க. தொடைகிட்ட ரெண்டு தையலைப் பிரிச்சு விட்டுடறேன்."

"தையல்ல ஒரு குத்தமும் இல்ல மேரி. என் முட்டிதான் மடங்கல."

"எங்கிட்டயே பொய் சொல்றீங்களா? துணிதான் உங்களைத் தாங்குது. அதை அமுக்குற அளவுக்குப் பாரம் பத்தல."

கத்திரிக்கோல் விரியும் சத்தம் கேட்டது.

"அப்ப இன்னும் பத்துக் கிலோ போடச் சொல்றேன். நீ பிரிக்காத."

நூற்றறுபதை அவர் வாழ்நாளில் தூக்கியதில்லை. இடுப்பு போய்விட்டால் என்ன செய்வது, வேண்டவே வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள்.

"நீ தச்சது. முழுசாப் போட்டுட்டுத்தான் இறங்குவேன்" என்றார்.

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் எழுதினேன்.

(அ) உடுப்பு டர்ரென்று கிழிகிறது. மண்டபமே சிரிக்கிறது. ஆனால் பன்னிரண்டு நாள் உழைப்பை ஒரு சிரிப்புக்காகக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை.

(ஆ) இறங்குகிறார், எழ முடியவில்லை. இது பொய். பல்லைக் கடித்துக்கொண்டு, நடுங்கி நடுங்கி அவர் எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். எவ்வளவு ஆழம் இறங்கினார் என்பதுதான் கேள்வி.

வலதுபக்க நடுவர் வெள்ளை காட்டினார். நடுவில் இருந்தவர் சிவப்பு. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். அவர் இறங்கிய அந்த நொடியில் நான் அவர் தொடையைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற இருதயமேரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்க இறங்க, தன்னை அறியாமல் அவளும் இறங்கினாள். கொசுவம் தரையில் பட, முழுசாகக் குந்திவிட்டாள். அவர் எழத் திணறியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் திணறி எழுந்தாள். அவள் இறங்கிய ஆழத்துக்கு எந்த நடுவரும் சிவப்பு காட்ட முடியாது.

நான் ஒரு கொடியைத் தூக்கினேன். எந்த நிறம் என்று எழுத மாட்டேன். இடதுபக்க நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். பாரம் அவர் தோளில் ஏறிவிட்டது. தொடையை மட்டும் பாருங்கள். உங்களால் முடிந்தால், சுவர்ப்பக்கம் திரும்பாதீர்கள்.