வலியைக் காணோம்

டீயில் வலி மாத்திரையை நுணுக்கிப் போட்டுக் கலக்கிக்கொண்டே லிப்ட் மெக்கானிக் கூடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுகூடப் பயப்படாத ஆள். கூடத்தில் அவர் மனைவி, வலது பக்க வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் தையல் மிஷினில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைக்குச் சட்டை. பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மகளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்தது. மூன்றாவது தங்கிய சமயத்தில்தான் மனைவிக்கு இந்த வலி வந்தது. சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டு, மகளுக்காக வலியை ஆண்டவருக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்துவிட்டாள். அதிலிருந்து மருந்து கிடையாது, டாக்டர் கிடையாது. பங்குச் சாமியாரே கூப்பிட்டு, "வலியை ஒப்புக்கொடுக்கலாம்மா, அதுக்காக வைத்தியம் வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்றார். பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை.

"ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம், வா" என்று இவர் கேட்டுப் பார்த்தார்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்றீங்களா?"

சிரித்து மழுப்பினார். ஆனால் மகளின் வயிறு வளர வளர, இவருக்கும் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அவள் சொல்வது நிஜமாக இருந்தால்? அந்தப் பயத்தில்தான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். இன்று காலையில் அவள் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை அடைத்து முனகியதைக் கேட்ட பிறகு பொறுக்க முடியவில்லை.

"என்னங்க, டீ கசக்குது."

"தூள் கூடிப்போச்சு. குடி."

குடித்தாள். மிஷின் ஓடியது. ஒரு சட்டைக் கை முடியும் நேரத்தில் சட்டென்று நின்றது. அவள் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள், மறுபடி வைத்து அழுத்திப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏங்க, வலியைக் காணோம்."

"நல்லதுதானே?"

"எப்படிங்க நல்லது? ஆண்டவர் ஏன் வேண்டாம்னுட்டார்? பிள்ளைக்கு என்னமோ..."

"வாயைக் கழுவு. ஒண்ணும் ஆகாது." சொல்லிக்கொண்டே அவள் குடித்து வைத்த டம்ளரைக் கையில் எடுத்தார்.

மேஜைமேல் செல்போன் அடித்தது. மருமகன். வேலை நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாதவன்.

"எடுங்க" என்றாள் அவள். இரண்டு கைகளாலும் வயிற்றை அமுக்கி அமுக்கி வலியைத் தேடிக்கொண்டிருந்தாள். போன் விடாமல் அடித்தது. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் கரையாமல் ஒட்டியிருந்தது.