பனிக்குடிசையில் கொட்டியது

"முப்பது வருஷத்துல நூத்திப் பன்னெண்டு பல் டாக்டருங்க தப்பை முழுங்கியிருக்கேன். ஒரு ஏப்பம்கூட வெளிய வந்ததில்ல!"

வெர்ன் ஹால்வர்சன் இப்படி அடித்துவிட்டதும் காப்பிக்கடையே குலுங்கியது. பிடித்த மீனை ஒவ்வொரு முறையும் ஓரடி வளர்த்துச் சொல்கிற ஆள் அவர். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாயோ ஊர் ஏரியைவிட அகலம்.

"நீயா?" என்றான் ஆணிக்கடை ஆர்லன். "போன மாசம் உறைஞ்ச ஏரி மேல பனிக்குடிசையில மீன் பிடிக்கறப்ப எல்லாத்தையும் கொட்டினியேடா!"

பக்கத்து மேசையில், பல் டாக்டர்மேல் வழக்குப் போட்டிருந்த ஒரு நோயாளியின் மைத்துனன் இருந்தது யாருக்கும் தெரியாது. மூன்றாம் வாரம் வெர்ன் நீதிமன்றப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நோயாளி புகார் கொடுத்தால் வெர்ன் உட்படப் பல் மருத்துவர்களே குழுவாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். அந்த அறைப் பேச்சுக்குச் சட்டமே பூட்டு. அந்தப் பூட்டை நம்பித்தான் டாக்டர் சோல்வே அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னாள்: எக்ஸ்ரே பிலிமைத் திருப்பி மாட்டிவிட்டாள், எது முன்பக்கம் என்று காட்ட மூலையிலிருந்த கடுகளவு புள்ளியைப் பார்க்கவில்லை, இடது வலதாகி, நல்ல கடைவாய்ப்பல் போய்விட்டது. புதுப்பல் கட்டித்தரச் சொல்லிக் குழு முடித்துவைத்தது. நோயாளி வழக்கும் போட்டார். வெர்ன் வெளியே உளறியிருந்தால் பூட்டு உடைந்ததாகத்தான் கணக்கு என்றாள் நோயாளியின் வக்கீல். அப்புறம் அந்த அழுகைப் பேச்சே சாட்சியமாகிச் சோல்வேயின் உரிமம் போகும். வெர்ன் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். அந்த அறையில் இனி ஒருத்தரும் உண்மை பேசமாட்டார்கள்.

கொட்டினேனா? வெர்னுக்குப் புதினாச் சாராயம் மூன்றாவது கோப்பை வரை நினைவிருந்தது. அதற்கப்புறம் வெறும் வெள்ளை. எதிர் பெஞ்சில் சோல்வே தன் கையுறைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சாட்சி இருக்கையில் ஏறி ஆர்லன் சத்தியம் செய்தான். நோயாளியின் வக்கீல் கேட்டாள்:

"குடிசையில் இந்த விசாரணையைப் பற்றிச் சொன்னாரா?"

"கேட்டேன்மா. அஞ்சு மணி நேரம் ஊத்தி ஊத்திக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அவங்க தாத்தா கரடிக்குப் பல்லு புடுங்கின கதை. மூணு தடவ. தடவைக்குத் தடவ கரடி பெருசாச்சு." யாரும் சிரிக்கவில்லை. "அந்த டாக்டரம்மா பேரை எடுத்தேன். ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டான். பொத்தின கையை எடுக்கவேயில்ல. அப்படியே தூங்கிட்டான்."

"கடையில் வேறு மாதிரிச் சொன்னீர்களே?"

ஆர்லன் தொப்பியை மடியில் சுழற்றினான். வெர்ன் பக்கம் திரும்பவில்லை.

"அது சும்மா வம்புக்கும்மா. என்னாலேயே நம்ப முடியல. ஆனா அவன் சொல்லல."