துரைசானியின் நாற்காலி

1952, சாம்பல் புதன் காலை எட்டு மணி. இரவு டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் ஜெசிந்தா, வீங்கிய கால்களோடு சுவரில் சாய்ந்து நின்றாள். இங்கிலாந்துக்குத் திரும்பிய துரைசானி ஒப்படைத்துப் போன நாற்காலி அவள் வீட்டின் ஒரே அறையில் பாதியை அடைத்திருந்தது. இத்தாலியில் செய்தது, பரோக் என்கிற அலங்காரப் பாணி, முந்நூறு வருஷம் பழசு என்று துரைசானி சொல்லியிருந்தாள். ஐந்து வருஷமாகத் துடைப்பதோடு சரி, யாரும் உட்கார்ந்ததில்லை.

அதைக் கப்பலில் அனுப்பத் துரைசானி ஏற்பாடு செய்த பெங்களூர் வியாபாரி அன்று வந்து, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். சிங்கப்பாதக் கால்களும் சுருள் கைப்பிடிகளும் சரியாகத்தான் இருந்தன. முதுகுச் சட்டத்தில் செதுக்கிய இலைகளுக்கு நடுவே மட்டும் மாங்காய்கள் தொங்கின.

"இத்தாலியில ஏதும்மா மாங்கா? மரமும் நம்ம ஊரு ஈட்டி மரந்தான். மைசூர்லயே எவனோ படம் பாத்துச் செஞ்சிருக்கான். கப்பல் கூலி தண்டம். நீங்களே வெச்சுக்குங்க."

அவர் போனதும் ஜெசிந்தா நாற்காலியை நிமிர்த்தினாள். அதில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கணவன் ஸ்டானிஸ்லாஸ் பதறினான்.

"ஏய், நாளைக்குத் துரைசானி வந்து கேட்டா என்னடி சொல்லுவே?"