கை, தலை, பூ

கூரை பாதியில் நின்றுவிட்டது.

கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்த மேரிசெல்வி, மோட்டார் சத்தம் அறுந்ததும் திரும்பிப் பார்த்தாள். குவார்ட்டர்ஸ் வாசலில் மதிலை ஒட்டி நின்ற சிவப்பு ஓப்பன் காரின் கறுப்புத் துணிக்கூரை, பின்பக்கத்திலிருந்து எழுந்து வந்து, முன்கண்ணாடிக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றது. அதன் கீழே, ஸ்டியரிங்கின் முன் அப்பா உட்கார்ந்திருந்தார். மந்தாரக்குப்பம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னப்பா, மோட்டார் போச்சா?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கூரைக்கு ஒரு குணம் உண்டு. கியருக்குப் பக்கத்திலிருக்கும் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நகரும். விரலை எடுத்த இடத்தில் நின்றுவிடும். அப்பா ஒருநாளும் பாதியில் விரலை எடுத்ததில்லை. ஃபோன் அடித்தால்கூட எடுக்க மாட்டார்.

கையிலிருந்த துணிகள் எங்கே விழுந்தன என்று அவளுக்குத் தெரியாது.

அப்பாவின் தலை இடது தோளில் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. இடது கை சுவிட்சுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. "அப்பா" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் அசைந்தது. அவர் அசையவில்லை.

அவள் போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தவர் பக்கத்து குவார்ட்டர்ஸ் கருணாகரன். மூன்று மாதமாக இந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தவர், செடிவேலியைத் தாண்டிக் குதித்து வந்தார். பின்னாலேயே அவர் மகன் பிரவின்குமார் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்துகொண்டே வந்தான்.

வலப்பக்கக் கதவைத் திறக்க வழியில்லை. கூரையை இயக்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், வாசலில் சமதளம் மதிலை ஒட்டி மட்டும்தான் என்று அப்பா எப்போதும் அங்கேதான் நிறுத்துவார். இடப்பக்கமாக ஏறி, இடப்பக்கமாக இறங்குவார். கருணாகரன் இடப்பக்கக் கதவடியில் காலை ஊன்றி எம்பி, கூரையின் இரும்புச் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார். அவர் பிடித்தது சட்டம் மடிகிற மூட்டு. எட்டு விரல்களும் அந்த இடுக்குக்குள் இருந்தன. பிடரிக்கு நேர் மேலே கூரையின் விளிம்பு நின்றது.

மேரிசெல்வி அந்த விளிம்பைப் பார்த்தாள்.

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அப்பாவுக்கு வாசித்து அர்த்தம் சொன்னவள் அவள்தான். கூரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உள்ளே எண்ணெயின் அழுத்தம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். பிறகு கூரை தானாக இறங்கிவிடும். புத்தகத்தில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. "அது புது வண்டிக்கு. இது பதினேழு வருசத்துக் கெழவி, அதுல பாதி தாங்கினா பெருசு" என்று அப்பா சொன்னார். மோட்டார் நின்று எவ்வளவு நேரமாயிற்று? இரண்டு நிமிடமா? ஐந்தா? மேலே சட்டம் மெல்ல முனகியது.

"அங்கிள், கை எடுங்க."

"நீ இந்தப் பக்கம் வந்து தலையப் புடிம்மா, நான் தோளத் தூக்கறேன்."

"கை எடுங்க அங்கிள். கீழ எறங்குங்க. கூர விழுந்துரும். எடுங்க கைய."

அவள் கத்திய கத்தலில் அவர் கீழே குதித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, போலீஸைப் பார்த்தவர் போல நின்றார்.

அவள் இடது சீட்டில் ஏறினாள். பிரேக்கை அழுத்தினால்தான் சுவிட்ச் வேலை செய்யும். அப்பாவின் கால் பிரேக்கின் மேல் துவண்டு கிடந்தது. வலது கையால் அவர் முழங்காலைக் கீழே அழுத்தினாள். இடது கையால் சுவிட்சைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தாள். மோட்டார் முனகிற்று. கூரை பின்னால் போக ஆரம்பித்தது.

முழங்கால் சூடாக இருந்தது.

வேலியோரம் யாரோ ஒரு பெண் சொன்னாள். "அவர விட்டுட்டு காரப் போய் என்ன பண்ணிட்டிருக்கா இவ?"

கூரை முழுதும் பின்னால் மடிந்து, அதன் மேல் மூடி சாத்திக்கொள்ள இருபது விநாடி ஆனது. அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டு, பதின்மூன்று. கருணாகரனின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. பதினெட்டு. பத்தொன்பது. மூடி 'டக்'கென்று உட்கார்ந்ததும் அப்பனும் மகனும் பாய்ந்து, திறந்த காருக்கு மேலாக அப்பாவை ஒரே தூக்கில் வெளியே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "கொண்டு வரும்போதே இல்லம்மா" என்றார். மேரிசெல்வியின் வயதுதான் இருக்கும் அவருக்கு. அவள் கதவோரம் நின்றாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. இருபது விநாடி முன்னால் வெளியே எடுத்திருந்தால்?

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாவது கேக்கணுமாம்மா?"

"இல்ல சார்."

அந்தக் கேள்விக்கு அவர் சொல்லக்கூடிய பதிலைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. செகண்ட் ஷிப்டிலிருந்து பாதியில் ஓடி வந்த அவள் கணவன் ஜெரால்டு, சுரங்கத்து மண் படிந்த கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன யோசிக்கற?" என்றான். அவனிடமும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை வீடு நிறைந்திருந்தது. வடக்குத்து கிராமத்திலிருந்து அப்பாவின் தங்கை ஆனி அத்தை வந்து ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஜெபமாலைக்கு நடுவில், மேரிசெல்வி காதில் விழும்படி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

"எங்கண்ணன் உசுரு போய்கினு இருக்குது. இவ காரு கூரைய மடிச்சிகினு உக்காந்திருந்தாளாம். வூட்டுல ஒரு நாய் கெடந்தாகூட மொதல்ல அதத்தான தூக்குவோம்."

மேரிசெல்வி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அத்தை பொய் சொல்லவில்லை. சூடாக இருந்த அந்த முழங்கால் உள்ளங்கையை விட்டுப் போகவேயில்லை. சூடு என்றால் உயிர் இருந்திருக்கிறது. இருந்திருக்கிறதா?

அப்பா பாக்கியசாமி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் மண் தள்ளும் டோசர் ஓட்டியவர். ஒருமுறை மண்மேட்டுச் சரிவில் டோசர் உருண்டது. தலைக்கு மேலிருந்த இரும்புக் கூண்டு நசுங்கவில்லை, பெல்ட் அறுபடவில்லை. அரை மணி நேரம் தலைகீழாகத் தொங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். ரிட்டயர் ஆனதும் புதுச்சேரியில் இந்தக் காரை மூன்றாவது கையாக வாங்கிக் கல்யாண ஊர்வலங்களுக்கு ஓட்டினார். கூரையை அசைக்கும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். கை எதுவும் இடுக்கில் இல்லை, தலை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை, அலங்காரச் சரம் எதுவும் மூடியில் சிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். கை. தலை. பூ. கல்யாண வீட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து அதைச் சொல்லிக் கேலி செய்யும்.

கேலியை விடவும் சண்டைதான் அதிகம். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டின் முதுகுக்கு மேலே ஏறி உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போக ஆசைப்படுவார்கள். ஓப்பன் கார் வைப்பதே அதற்குத்தானே. அப்பா விட மாட்டார். அங்கே, இரண்டு சின்ன மூடிகளுக்குள் இரும்பு வளைவுகள் ஒளிந்திருந்தன. வண்டி கவிழப்போகிற அளவுக்குச் சாய்ந்தால் அவை கண்ணிமைக்கும் நேரத்தில் துள்ளி எழுந்து நிற்கும். சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் தலையைக் காப்பாற்றும். மூடியின் மேலேயே உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்யும் என்று புத்தகத்தை வாசித்தபோது மேரிசெல்வி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கருணாகரனின் மகள் காயத்ரியின் கல்யாணத்தில் அதுதான் நடந்தது. மண்டப வாசலில், ஈரோட்டிலிருந்து வந்த சொந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா என்ஜினை அணைத்துவிட்டார். கீழே இறங்கி சீட்டில் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும் என்றார்.

"எம் பொண்ணு என்ன டோசரா ஓட்டுது, கூண்டுக்குள்ள உட்கார?" என்று கத்தினார் கருணாகரன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்தே போனார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

பத்து மணிக்குப் பெட்டியை மூடி சவ வண்டியில் ஏற்றினார்கள். அழுகை ஓய்ந்த ஒரு நிமிடத்தில் கார் என்ஜின் சத்தம் கேட்டது. சென்னையிலிருந்து விடியற்காலை வந்து சேர்ந்த தம்பி லியோ, கூரை திறந்தபடியே இருந்த காரைத் தெருவுக்கு எடுத்து நிறுத்தியிருந்தான். சாமந்தி மாலை போட்ட அப்பாவின் படம் பின்னால் இருந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டின் முதுகுக்கு மேலே, மேரிசெல்வியின் மகள் நான்சி உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. வெள்ளை கவுன். உயரமான இடத்தில் உட்கார்ந்த பெருமையில் அழுததைக்கூட மறந்திருந்தாள். அவள் தொடைக்கு அடியில் அந்தச் சின்ன மூடியின் விளிம்பு கோடாகத் தெரிந்தது.

"எத்தன பொண்ணு மாப்ளைய ஏத்திட்டுப் போனாரு" என்றான் லியோ. கண் சிவந்திருந்தது. "அவர் வண்டி அவருக்கு முன்னால போகட்டும்க்கா."

கல்லறைக்குத் திரும்பும் வளைவில் சாலை ஒருபக்கமாகச் சரிந்திருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமாக்கி வைத்திருக்கும் இடம். மேரிசெல்வி சுற்றிப் பார்த்தாள். ஊரே நின்றிருந்தது. நேற்று சொன்னதையே இன்றும் சொல்ல வேண்டும். காரைப் பற்றி, அப்பாவின் பெட்டியை வைத்துக்கொண்டு, மறுபடியும்.

சொல்லாமல் இருந்துவிடலாம். மெதுவாகத்தான் போவான். ஒன்றும் ஆகாது.

லியோ கியரைத் தொட்டான்.

"லியோ. பாப்பாவ எறக்கு."

"என்னக்கா, நடக்கற வேகத்துலதான் போகப்போறேன்."

"கீழ சீட்டுல உக்கார வெச்சு பெல்ட் போடு. அங்க உக்காரக் கூடாது."

"ஆரம்பிச்சிட்டா" என்றாள் ஆனி அத்தை. "காரு மேல கீறல் வுழுந்துடப் போவுதாம். பொணத்த வெச்சிகினு பேசற பேச்சாடி இது?"

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "அதுக்கு அடியில கம்பி இருக்குது" என்று ஆரம்பித்த மேரிசெல்வி முடிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

அவளுக்கு முன்னால் இரண்டு கைகள் நான்சியைத் தூக்கின.

"கீழ வா கண்ணு" என்றார் கருணாகரன். "கல்யாணப் பொண்ணு, பட்டுச்சேல, மாலையோட, எங்க காயத்ரியவே உங்க தாத்தா அங்க உட்கார விடல. நீ என்ன அவளவிடப் பெரிய ஆளா?"

நான்சியைச் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினார். படத்தை அவள் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, ஒரு நொடி யோசித்து, அதற்கும் ஒரு பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு லியோவைப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தார். ஆனி அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வளைவில் கார் ஒருபக்கம் சாய்ந்து இறங்கி ஏறியது. சவ வண்டியின் ஓரமாக நடந்து வந்த மேரிசெல்வி, நான்சியின் தலை சீட்டுக்கு மேலே தெரியாததைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எல்லாரும் கலைந்து, லியோ காரை மதிலோரம் பழைய இடத்தில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனபோது மணி மூன்று. முதல் தூறல் விழுந்தது. மேரிசெல்வி வெளியே வந்து, இடப்பக்கமாக ஏறி, நகர்ந்து, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். சுவிட்சை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

வேலியருகே கருணாகரன் நின்றிருந்தார். இம்முறை தாண்டாமல் சுற்றிக்கொண்டு கேட் வழியாக வந்தார்.

"மேரி" என்றார். அவளைப் பார்க்காமல், கூரைச் சட்டம் மடிந்து கிடந்த மூட்டைப் பார்த்தபடி பேசினார். "நேத்து நான் ஏறிக் குனிஞ்சேன்ல, அப்பவே கழுத்துல கை வெச்சுப் பாத்தேம்மா. எங்களுக்கெல்லாம் ப்ளாண்ட்டுல ஃபர்ஸ்ட் எய்டு டிரெய்னிங் உண்டு. துடிப்பு இல்ல. நீ சுவிட்சத் தொடறதுக்கு முன்னாடியே இல்ல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

மேரிசெல்வி அவர் கைகளைப் பார்த்தாள். நேற்று முதலில் அவை இரண்டும் சட்டத்தைப் பிடித்திருந்தன. பிறகு இரண்டும் தலைக்கு மேலே காற்றில் நின்றன. ஒரு நொடிகூட அவற்றிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அவை அப்பாவின் கழுத்தருகே போகவேயில்லை.

தூறல் முன்கண்ணாடியில் புள்ளி வைத்தது.

"சரிங்க அங்கிள்" என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு மதில் விட்ட அளவுக்குக் காரைச் சுற்றி மெதுவாக நடந்தார். இடப்பக்கம் மூட்டருகே நின்று, குனிந்து, "கை" என்றார். பின்சீட்டை எட்டிப் பார்த்து, "தலை" என்றார். பின் மூடியின் விளிம்பில் காலையில் போட்ட மாலையின் சாமந்தி ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பூ" என்றார்.

அவள் பிரேக்கை மிதித்து, சுவிட்சை அழுத்தினாள். மூடி திறந்தது. கூரை எழுந்து, அவளுக்கு மேலே வந்து, நேற்று நின்ற இடத்தைத் தாண்டி, முன்கண்ணாடியைத் தொட்டது. 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. டாஷ்போர்டில் கூரைக்கான சிவப்பு விளக்கு அணைந்தது.

உள்ளே இருட்டாக இருந்தது. துணியின் மேல் மழைச் சத்தம் கேட்டது. அவள் விரல் இன்னும் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தது.